சனிக்கிழமை வகுப்பில் இரண்டு சம்பந்திகள்

மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்ற பெக் ஹூனுக்கு அந்த வகுப்பறையில் முதலில் கண்ணில் பட்டது தன் சம்பந்தியம்மாவின் முதுகுதான். பெரிய சிவப்புப் பூப்போட்ட சட்டை, தூக்கி முடிந்த கொண்டை, கூடவே அந்தச் சிரிப்பு. பினாங்குத் தீவு முழுக்கத் தேடினாலும் அப்படி மேசையைத் தட்டிச் சிரிக்கிறவள் கெய்க் சிம்மைத் தவிர இன்னொருத்தி கிடைக்க மாட்டாள். வந்த வழியே இறங்கிப் போய்விடலாம் என்று பெக் ஹூன் ஒரு காலைப் பின்னால் எடுத்தும் விட்டாள். அதற்குள் டீச்சர் பார்த்துவிட்டாள்.

"வாங்க ஆண்ட்டி! நீங்கதானே கோர் பெக் ஹூன்? உங்களுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கோம்."

பிடித்து வைத்திருந்த இடம் கெய்க் சிம்முக்குப் பக்கத்து நாற்காலி.

"அட, சம்பந்தியம்மாவா?" என்று கெய்க் சிம் வாயைப் பிளந்தாள். "நீங்களுமா? அந்தக் கழுதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

கழுதை என்றது தன் மகள் ஹுய் ஷானை. பெக் ஹூனின் மருமகள். கோலாலம்பூரில் இருந்துகொண்டே இரண்டு அம்மாக்களுக்கும் பிறந்தநாள் பரிசு என்று ஒரே வகுப்பில் பணம் கட்டியிருக்கிறாள். பெக் ஹூனுக்கு நீர்வண்ணம், தன் அம்மாவுக்குப் பேஸ்டல் என்கிற வண்ணச் சுண்ணக்குச்சி. ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். பெக் ஹூன் கைப்பேசியை எடுத்து மகன் சுவான் லிப்பை அழைத்தாள்.

"உனக்கும் இது தெரியும்தானே?"

"என்னம்மா, எனக்கு மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று அவன் வைத்துவிட்டான். தெரிந்திருக்கிறது.

மூன்று வருஷமாக அவள் சம்பந்தியோடு சரியாகப் பேசியதில்லை. சீனப் புத்தாண்டுக்குப் போனால் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிடுவாள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாண விருந்தன்று நடந்தது அது. அதற்கு முந்தின வருஷம்தான் அவளுடைய கணவர் தவறியிருந்தார். பல மாதங்கள் கறுப்பும் வெள்ளையும் கருநீலமுமாகவே உடுத்திவந்தவள், மகன் கல்யாணத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, வெளிர் ஊதாவில் பட்டு எடுத்து ஒரு சட்டை தைத்துக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நின்றபோது, நீண்ட நாளைக்குப் பிறகு தன் முகம் தனக்கே பிடித்திருந்தது. மண்டபத்து வாசலில் கெய்க் சிம் அவள் கையைப் பிடித்து, பத்து மேசைக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்: "என்ன சம்பந்தியம்மா, பையன் கல்யாணத்துக்குப் போய்ச் சாம்பல் கலர்ல வந்திருக்கீங்க? இன்னும் துக்கம் முடியலையா?"

யாரோ சிரித்தார்கள். பெக் ஹூனும் சிரித்து வைத்தாள். அன்றிரவு கழற்றி மடித்த சட்டையை அவள் மறுபடி எடுக்கவே இல்லை.

இப்போது அந்தச் சம்பந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரையக் கற்க வேண்டும்.

டீச்சர் ருசைனிக்கு முப்பது வயதுகூட இருக்காது. தலைத்துணி முனையில் எப்போதும் ஏதாவது ஒரு வண்ணம் ஒட்டியிருக்கும். மாணவர்களோ எல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்கள். "நீர்வண்ணக்காரங்க வெளுப்புல ஆரம்பிச்சுக் கருப்புக்குப் போகணும். பேஸ்டல்காரங்க கருப்புல ஆரம்பிச்சு வெளுப்புக்கு வரணும்" என்றாள். "நீர்வண்ணத்துல வெள்ளைங்கறது காகிதம்தான். வெள்ளை வேணும்னா அந்த இடத்தைத் தொடாம விடணும். பேஸ்டல்ல வெள்ளையைக் கடைசியா மேல வைக்கலாம்."

"அப்ப எங்களுக்குத்தான் வசதி. தப்புப் பண்ணிட்டு மேல பூசிக்கலாம்" என்றாள் கெய்க் சிம். வகுப்பே சிரித்தது.

பெக் ஹூன் முப்பது வருஷத்துக்கு மேல் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகச் சிப்புகளைப் பார்த்து, கீறலோ பிசிறோ இருந்தால் ஒதுக்குகிற வேலை. ஓய்வுபெற்ற பின்னும் கண் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பஸ்ஸில் எதிரில் உட்கார்ந்தவர் சட்டையில் ஒரு பொத்தான் மாற்றித் தைத்திருந்தால்கூட இறங்குகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்ட கண்ணுக்கு நீர்வண்ணம் ஒரு தண்டனைதான். காகிதத்தைப் பலகையில் டேப் போட்டு ஒட்டி, ஈரமாக்கி, பலகையைச் சற்றே சாய்த்து, மேலிருந்து கீழே வானத்தை ஒரே பூச்சில் இறக்க வேண்டும். இறக்கிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பெக் ஹூனால் கையை எடுக்க முடியவில்லை. ஓர் ஓரம் கொஞ்சம் திட்டாகத் தெரிந்தது, அதைச் சரிசெய்யப் போனாள். சரிசெய்த இடத்தில் தண்ணீர் கூடிப்போய், பாதி காய்ந்த வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு ஓரமெல்லாம் சுருள் சுருளாக விரிந்தது. துடைத்தாள். காகிதம் நூல் நூலாக எழும்பிவிட்டது.

கெய்க் சிம் எட்டிப் பார்த்தாள். "உங்க வானத்துல காலிஃப்ளவர் முளைச்சிருக்கு. பறிச்சுக் குழம்பு வைக்கலாம்."

"உங்க வேலையைப் பாருங்க."

"என் வேலை முடிஞ்சுதே!"

முடிந்துதான் இருந்தது. கெய்க் சிம் குச்சியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இழுப்பாள், விரலால் தேய்ப்பாள், உள்ளங்கையால் கூடத் தேய்ப்பாள். அவள் வாழைமரம் தீப்பிடித்தது போல் ஆரஞ்சாக நின்றது. கடல் பச்சைக் குழம்பாகக் கொதித்தது. ருசைனி தலையைச் சாய்த்துப் பார்த்து, "என்ன துணிச்சல் ஆண்ட்டி உங்களுக்கு!" என்பாள். அதைக் கேட்டு பெக் ஹூனுக்கு வயிறு எரியும். வீட்டுக்குப் போய்ச் சமையலறை மேசையில் தாள் தாளாக வானம் இறக்கிப் பார்ப்பாள். மழைக்காலம். காற்றெல்லாம் ஈரம். பூசியது காயவே காயாது. ஹேர் டிரையரைப் பிடித்துக் காய வைத்தால் காகிதம் அப்பளம் போல் வளையும். ஆனாலும் அவள் விடவில்லை. கருநீலத்தையும் செம்மண் பழுப்பையும் சேர்த்தால் மழைமேகத்தின் நிறம் வருகிறது என்று தானாகவே கண்டுபிடித்த நாளில், அடுப்பில் வைத்த கஞ்சி தீய்ந்து போனதுகூடத் தெரியவில்லை.

சண்டை வெடித்தது மூன்றாவது வகுப்பிலோ நான்காவதிலோ. அன்றைக்கு பெக் ஹூனுக்கு வானம் சரியாக இறங்கியிருந்தது. திட்டில்லை, சுருளில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையை எடுத்தாள். அதே நேரம் பக்கத்தில் கெய்க் சிம் தன் படத்தின் மேல் குனிந்து "பூ" என்று ஒரு ஊது ஊதினாள். சிவப்பும் ஆரஞ்சுமாகப் பேஸ்டல் பொடி எழும்பி, நிதானமாக வந்து, ஈர வானத்தில் உட்கார்ந்தது.

"ஊதக்கூடாதுன்னு டீச்சர் எத்தனை தடவை சொன்னாங்க?" பெக் ஹூனின் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "ஜன்னலுக்கு வெளியே பலகையைத் தட்டணும்னு சொன்னாங்கல்ல?"

"ஐயோ, மறந்துட்டேன் சம்பந்தியம்மா. கொஞ்சம் பொடிதானே, சாயங்கால வானம்னு சொல்லிக்கலாம்..."

"எல்லாமே உங்களுக்கு வேடிக்கைதான். அன்னைக்கும் அப்படித்தான். என் பிள்ளை கல்யாணத்துல, அத்தனை பேர் முன்னால, சாம்பல் கலர் போட்டுக்கிட்டு வந்திருக்கா, துக்கம் முடியலைன்னு என்னைக் கேலி பண்ணினீங்க. புருஷனைப் பறிகொடுத்தவகிட்ட பேசற பேச்சா அது?"

 கெய்க் சிம்மின் முகத்தில் உண்மையிலேயே ஒன்றும் புரியாத குழப்பம்.

"நானா? எப்பச் சொன்னேன்?" கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, ஏதோ சொன்னேன். ஆனா அது சாம்பல் கலர்தானே? சாம்பலைச் சாம்பல்னு சொன்னது ஒரு குத்தமா? நீங்க இன்னும் மனசு தேறலையோன்னு கவலைப்பட்டுத்தான்..."

பெக் ஹூன் தூரிகையைக் கழுவாமலே பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

பஸ்ஸில் அவளைக் குடைந்தது கோபத்தைவிட வேறொன்று. மூன்று வருஷம் தான் சுமந்ததை அந்தப் பெண் நினைவில்கூட வைத்துக்கொள்ளவில்லை. மறந்தே போய்விட்டாள்! அடுத்த சனிக்கிழமை போகக்கூடாது என்று முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை மாலை கறைபட்ட வண்ணத் தட்டைக் கழுவி, வண்ணக் குழாய்களை வரிசையாக அடுக்கியபோது, நாம் ஏன் போகாமல் இருக்க வேண்டும், வேண்டுமானால் அவள் போகாமல் இருக்கட்டும் என்று தோன்றியது. போனாள்.

அன்று மேசை நடுவில் ருசைனி ஒரு தட்டு வைத்திருந்தாள். நாலைந்து மங்குஸ்தான் பழம், ஒரு நீலக் கோடு போட்ட கிண்ணம், கிண்ணத்தில் வெளிர் ஊதா ஆர்க்கிட் பூங்கொத்து. இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேலையில் இறங்கினார்கள். வெகுநேரம் கழித்து பெக் ஹூன் தண்ணீர் மாற்ற எழுந்தவள், தற்செயலாகக் கெய்க் சிம்மின் படத்தைப் பார்த்தாள். மங்குஸ்தான் பழுப்பாக, உருளைக்கிழங்கு போல் இருந்தது. கிண்ணத்துக் கோடுகள் கறுப்பு. ஆர்க்கிட் பூக்கள் சாம்பல்.

துணிச்சல், என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

கெய்க் சிம்மின் விரல்கள் பெட்டியில் துழாவின. முதல் நாளே எல்லாக் குச்சிகளின் உறைத்தாளையும் கிழித்துப் போட்டிருந்தாள், பேர் தெரியாது, எண் தெரியாது. ஒன்றை எடுத்துக் காட்டி, மறுபக்கம் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழி திருவாட்டி டியோவிடம் அலுத்துக்கொண்டாள்: "இந்தச் சாம்பல் குச்சி மட்டும் பாருங்க, தொட்டாலே உதிருது. இத்தனை சாம்பலை எதுக்குத்தான் ஒரு பெட்டியில போட்டிருக்கானோ."

அவள் விரலிடுக்கில் இருந்தது ஊதா. வெளிறிய, அழகான, அச்சு அசல் கல்யாணச் சட்டையின் ஊதா.

பெக் ஹூன் தண்ணீர்க் குவளையோடு அப்படியே நின்றாள். தொழிற்சாலையில் ஒரு தட்டு முழுக்க நல்ல சிப்புகளுக்கு நடுவே ஒன்று மட்டும் கண்ணில் உறுத்தும்போது மேலெல்லாம் பரவுகிற அந்த விழிப்பு இப்போதும் பரவியது. வந்து உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து மூன்று குச்சிகளைப் பொறுக்கித் தாளின் மேல் வைத்தாள். ஒன்று சாம்பல், ஒன்று வெளிர் ஊதா, ஒன்று வெளிர் நீலம்.

"இதுல ஊதா எது?"

கெய்க் சிம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பேச்சு வார்த்தை இல்லாதவள் வலியப் பேசுகிறாளே என்று இருந்திருக்கும். குனிந்து பார்த்தாள். குச்சிகளை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள்.

"என்ன விளையாட்டு இது? மூணும் ஒண்ணுதானே?"

பெக் ஹூன் குச்சிகளைத் திருப்பிப் பெட்டியில் வைத்தாள்.

அன்றிரவு முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. சொல்லத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சொல்லிவிட்டால் கூடவே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். கெய்க் சிம் அன்று கேலி பேசவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள். கவலைப்பட்டேன் என்றது பொய்யில்லை. அப்படியானால் இந்த மூன்று வருஷக் கோபத்தை என்ன செய்வது? அதைக் கையிலிருந்து இறக்கி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. கோபத்துக்கும் ஒரு சுகம் இருக்கிறது. தனியாக இருக்கிற வீட்டில் அது பேச்சுத்துணை மாதிரி.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும், "கீழே ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போகலாமா?" என்று அவளே கேட்டாள். கெய்க் சிம் சந்தேகத்தோடு வந்தாள். கோப்பிக் கடையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, தடித்த பீங்கான் குவளைகள் வந்ததும், பெக் ஹூன் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ராத்திரியில கார் ஓட்டறீங்களா?"

"இல்ல. எதிர்ல வர்ற லைட்டெல்லாம் பூ மாதிரி விரியுது. எல்லாம் இந்தக் காலத்துப் பசங்க போடற லைட்டு. கண்ணைக் குத்தற மாதிரி."

"கருநீலமும் கருப்பும் பிரிச்சுத் தெரியுதா?"

"யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். உங்க கண்ணுல புரை விழுந்திருக்குன்னு நினைக்கிறேன்."

கெய்க் சிம் குவளையைத் தொப்பென்று வைத்தாள். "என்னைக் குருடிங்கறீங்களா? படத்துல என்னை ஜெயிக்க முடியலைன்னதும் இப்படிக் கிளம்பிட்டீங்களா?"

"கல்யாணத்தன்னைக்கு நான் போட்டிருந்தது சாம்பல் இல்ல. ஊதா. கல்யாணத்துக்கு வந்த யாரை வேணும்னாலும் கேளுங்க. உங்க பொண்ணைக் கேளுங்க."

கெய்க் சிம் கோப்பியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனாள்.

மூன்று நாள் கழித்துத் தொலைபேசி அழைத்தது. 

"ஹுய் ஷான்கிட்ட கேட்டேன்" என்றாள் கெய்க் சிம். "ஊதான்னு சொல்றா. ரொம்ப அழகா இருந்துச்சாம். டாக்டர்கிட்டயும் போயிட்டு வந்தேன். ரெண்டு கண்ணுலயும் புரை. முத்திப் போச்சாம். இத்தனை நாள் எப்படிம்மா சமாளிச்சீங்கங்கறார்."

"ஆபரேஷன்தானே? இப்பல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"எங்கப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. போனவரு திரும்பி வரும்போது தடவித் தடவித்தான் வந்தாரு." குரல் அடங்கிப் போயிருந்தது. சிரிப்பில்லாத கெய்க் சிம்மை பெக் ஹூன் அதுவரை கேட்டதே இல்லை. "ஹுய் ஷானுக்குச் சொல்லல. ஓடி வந்துடுவா, வந்து அழுவா. என்னால அவளையும் சேர்த்துச் சமாளிக்க முடியாது. நீங்க வருவீங்களா, பெக் ஹூன்?"

சம்பந்தியம்மா என்று சொல்லாமல் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எத்தனை மணிக்கு வரணும்?"

முதலில் வலது கண். மருத்துவமனைக் காத்திருப்பறையில் கெய்க் சிம் பெக் ஹூனின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வந்து கூப்பிட்டபோதும் விடவில்லை. பெக் ஹூன்தான் விரல் விரலாக எடுத்துவிட்டாள். அவள் உள்ளே போனதும் நேரம் நகரவில்லை. பையில் சின்ன வண்ணப் பெட்டியும் உள்ளங்கை அகலக் காகிதமும் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே மலையை மறைத்துக்கொண்டு மழை இறங்கிக்கொண்டிருந்தது. காகிதத்தை நனைத்தாள். மேலே மேகத்தைத் தொட்டு வைத்து, மடியிலேயே சாய்த்தாள். வண்ணம் வழிந்து மலையோடு கலக்க ஆரம்பித்தது. ஓரத்தில் ஒரு திட்டு. தூரிகையை அதன் மேல் கொண்டுபோன நேரத்தில் கதவு திறந்தது.

"கெய்க் சிம் கூட வந்தவங்க யாரு?"

அப்படியே நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது. ஒரு கண்ணில் கவசத்தோடு, சக்கர நாற்காலியில், கெய்க் சிம் நர்ஸிடம் பசிக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டு, மருந்துச் சொட்டு எப்படிப் போடுவது என்று கேட்டுக்கொண்டு, திரும்பிவந்து படத்தை எடுத்தபோது அது காய்ந்திருந்தது. திட்டு என்று அவள் நினைத்தது மழைக்குள் பாதி தெரிகிற ஒரு மலைத்தோளாக மாறியிருந்தது. அவள் வரைந்ததில்லை அது. அவள் திருத்தப் போயிருந்தால் அது வந்திருக்காது. காத்திருந்தவர்களில் ஒரு முதியவர் எட்டிப் பார்த்து, "நல்ல மழை" என்றார். பெக் ஹூனுக்கு அதுவரை கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரிது.

கவசம் எடுத்த மறுநாள் காலையிலேயே கெய்க் சிம்மிடமிருந்து அழைப்பு. "உடனே வா! அந்தச் சட்டையை எடுத்துக்கிட்டு வா!" 'நீங்க, வாங்க' எல்லாம் காணாமல் போயிருந்தது.

போனபோது கெய்க் சிம் வீட்டுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் குளிர்சாதனப் பெட்டி வெள்ளையா? மஞ்சள்னுல்ல நினைச்சேன்! இந்தச் சுவரைப் பாரு, எவ்வளவு அழுக்கு. விருந்தாளியெல்லாம் வந்துட்டுப் போயிருக்காங்களே, ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்ல?" சுவரில் தான் ஒட்டிவைத்திருந்த வாழைமரப் படத்தின் முன்னால் நின்றாள். "ஐயோ, இது என்ன, தீ விபத்தா? இதையா அந்தப் பொண்ணு துணிச்சல்னு சொல்லிச்சு?"

பெக் ஹூன் பையிலிருந்து சட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். கெய்க் சிம் அருகே வந்தாள். ஆபரேஷன் செய்த கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் மற்றக் கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தாள். மாற்றி மாற்றிப் பார்த்தாள். பட்டின் ஓரத்தை விரல்களால் நீவினாள்.

"இந்தக் கண்ணுக்குச் சாம்பல்" என்றாள் மெதுவாக. "இந்தக் கண்ணுக்கு... என்ன கலர்டி இது. எவ்வளவு அழகா இருக்கு. இதைப் போட்டுக்கிட்டு வந்தவளைப் பார்த்தா நான் அப்படிக் கேட்டேன்?"

"விடுங்க. உங்களுக்குத் தெரியல."

"தெரியலைன்னா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்ல? உனக்கு எப்படி வலிச்சிருக்கும்." அவள் கண்ணைத் துடைக்கப் போனாள். பெக் ஹூன் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"கண்ணைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அழவும் கூடாது."

"அழக்கூடாதுன்னு சொல்லல. நீயா சொல்ற."

"நானாத்தான் சொல்றேன். நானும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மூணு வருஷத்துல. கேக்கல."

இருவரும் மாறி மாறி மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள். பிறகு கெய்க் சிம் கோழிச்சோறு வாங்கிவர ஆளை அனுப்பினாள்.

புதிதாக ஒரு தொந்தரவு முளைத்தது. கொஞ்ச காலத்துக்குக் கண்ணில் தூசு படவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேஸ்டல் என்றாலே தூசுதான். இரண்டாவது கண்ணும் பாக்கி இருந்தது. "அப்ப வகுப்பை விட்டுட வேண்டியதுதான்" என்றாள் கெய்க் சிம். கலர் தெரிய ஆரம்பித்த நேரம் பார்த்து இப்படியா என்று அவள் முகம் சுண்டிப்போனது.

"மாத்திக்குவோம்" என்றாள் பெக் ஹூன்.

மாற்றிக்கொண்டார்கள். ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்து பெக் ஹூன் பேஸ்டல் செய்ய, மற்றக் கோடியில் கெய்க் சிம் நீர்வண்ணம் செய்தாள். முதலில் பெக் ஹூன் குச்சிகளை ஒரு பிஸ்கட் டின்னில் அரிசியோடு போட்டுக் குலுக்கினாள். அழுக்கெல்லாம் அரிசியில் ஒட்டிக்கொள்ள, குச்சிகள் தங்கள் சொந்த நிறத்தோடு வெளியே வந்தன. வெளிச்சத்திலிருந்து இருட்டு வரைக்கும் வரிசையாக அடுக்கினாள். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. சொரசொரப்பான கறுப்புத் தாளில் ஒரு கோடு இழுத்தாள். நடுங்கிய கோடு. விரலால் தேய்த்தாள். வண்ணம் தோலுக்குள் இறங்கியது. முப்பது வருஷம் கையுறை போட்டுக்கொண்டு வேலை பார்த்த விரல்கள் அவை. எதையும் நேராகத் தொட அவற்றுக்கு அனுமதி இருந்ததில்லை. இன்னொரு கோடு, அதன் மேல் இன்னொன்று, அழுத்தமாக. வகுப்பு முடிந்தபோது அவள் மூக்கு நுனியில் மஞ்சள் இருந்தது, யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அந்தக் கோடியில் கெய்க் சிம் திணறிக்கொண்டிருந்தாள். "இது நான் சொல்ற பேச்சைக் கேக்கவே மாட்டேங்குதே! இங்க போன்னா அங்க போகுது!"

"அதுக்கு உங்களை மாதிரியே சுபாவம்" என்றாள் பெக் ஹூன் எட்டத்திலிருந்து. வகுப்பே சிரித்தது, எல்லாரையும் விட உரக்கக் கெய்க் சிம்.

இரண்டாவது கண்ணும் ஆனது, தூசுத் தடையும் நீங்கியது. அந்தப் பயிற்சிப் பருவத்தின் கடைசி வகுப்பில் ருசைனி புதிதாக ஒன்று காட்டினாள். கீழே நீர்வண்ணம் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் பேஸ்டல் வைப்பது. காகிதத்தின் சொரசொரப்பில் பொடி பிடித்துக்கொள்ள, இடையிடையே அடியிலிருக்கிற ஈர நிறம் எட்டிப் பார்க்கும்.

"ரெண்டும் கத்துக்கிட்டவங்க நீங்க ரெண்டு பேர்தான்" என்றாள். "ஒரே தாள்ல பண்ணுங்களேன்."

படகுத்துறையை எடுத்துக்கொண்டார்கள், கடல்நீர் வற்றிச் சேறு தெரிகிற நேரத்துப் படகுத்துறை. வானத்தையும் சேற்றையும் யார் பூசுவது என்பதில் தொடங்கிச் சண்டை. கெய்க் சிம்தான் பூசினாள், இப்போது நீலம் என்றால் அவளுக்குப் பித்து. நீலத்திலேயே எத்தனை நீலம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பூசினாள். காய்கிற நேரத்தில் இருவரும் கீழே போய்க் கோப்பி குடித்தார்கள். திரும்பிவந்து பெக் ஹூன் மேலே வேலை செய்தாள். துறையின் மரக் கால்களுக்குக் கறுப்பும் பழுப்பும், படகின் விளிம்புக்கு ஒரே ஒரு சிவப்பு இழுப்பு. ஒரு கொக்கு வைத்தாள். இன்னொரு கொக்கு வைத்தாள். மூன்றாவதற்குக் குச்சியை எடுத்தாள்.

"போதும்லா, கூட்டம் கூட்டாதே" என்றாள் கெய்க் சிம்.

பெக் ஹூன் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். துறையின் ஒரு மரக்கால் கோணலாக இருந்தது. வானத்தில் ஓரிடத்தில் காலிஃப்ளவர். ஆனால் சேற்றில் ஈரம் இருந்தது, காற்றில் மீன் வாடை வருகிற மாதிரி இருந்தது. ருசைனி கைப்பேசியில் படம் எடுத்து, அங்கேயே ஹுய் ஷானுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. பெரிய எழுத்தில் ஒரே கேள்வி: இதுல எது யாரு வரைஞ்சது?

"சொல்லாதே" என்றாள் கெய்க் சிம். "மண்டையைப் பிச்சுக்கட்டும்."

அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னாள் ருசைனி. முகம் வரைவது கற்றுத் தரப் போகிறாளாம். கெய்க் சிம் இரண்டு பேர் பெயரையும் தானே சொன்னாள். பிறகு நாற்காலியை பெக் ஹூனுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரு கரித்துண்டை எடுத்தாள்.

"இப்பவே பழகிக்கறேன். ஆடாம உக்காரு."

"என் முகத்துல என்ன இருக்கு வரையறதுக்கு?"

"அதைத்தான் பார்க்கப் போறேன். முதல்ல அந்த முறைப்பை எடு."

பெக் ஹூன் முறைப்பை எடுக்க முயன்றாள். வந்தது சிரிப்பு.